மாமனாரின் வால்யூம் பெடல்

மேசைமேல் நாலைந்து வால்யூம் கண்ட்ரோல்கள் கிடக்கின்றன. காலையிலிருந்து ஒன்றை எடுப்பேன், அதன் தண்டை இரண்டு விரலால் திருகிப் பார்ப்பேன், வைத்துவிட்டு அடுப்படிக்குப் போவேன், எதற்குப் போனேன் என்பது மறந்துபோய்த் திரும்பி வந்து இன்னொன்றை எடுப்பேன். பழைய ரேடியோவில் சத்தத்தைக் கூட்டவும் குறைக்கவும் ஒரு குமிழைத் திருகுவோமே, அந்தக் குமிழுக்குப் பின்னால் ஒளிந்திருக்கிற சின்ன வட்டப் பொருள்தான் இது. கடையில் கேட்டால் கை நிறைய அள்ளிக் கொடுப்பார்கள். அதில் ஒன்றைப் பொறுக்கி எடுக்க இத்தனை நடையா என்று என் வீட்டுக்காரர் வாசலில் வண்டியைத் துடைத்தபடி சிரிக்கிறார். அவருக்கென்ன, சிரிப்பார். கண்ட்ரோல்களுக்குப் பக்கத்தில் இரும்பாலான ஒரு கால் பெடல் வயிறு திறந்து மல்லாந்து கிடக்கிறது. அதைத் திருப்பி வைத்தால் மேலே ஒட்டிய கறுப்பு ரப்பரில் ஒரு வலது காலின் தடம் தெரியும். குதிகால் இருந்த இடம் தேய்ந்து வழுவழுப்பாகிவிட்டது. பெருவிரல் இருந்த இடத்தில் ஒரு சின்னக் குழி. அது என் மாமனாரின் கால். அந்தக் கால் இப்போது இல்லை.

அதை நான் முதலில் அருகில் பார்த்தது, அது என்னிடமிருந்து விலகிப் போனபோது. திண்டிவனத்துப் பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, கழுத்தில் மாலையோடு விழுப்புரத்தில் பஸ்ஸைவிட்டு இறங்கினோம். நான் மரக்காணம் பக்கத்துக் கடலோரக் குப்பத்துக்காரி. அப்பா கடலுக்குப் போவார். நான் கம்பெனி வேனில் புதுச்சேரிக்குப் போய், ஆம்ப்ளிபயர் செய்கிற ஒரு தொழிற்சாலையில் ஒயர்களை ஈயம் வைத்துப் பற்றவைத்துக்கொண்டிருந்தேன். அதே கம்பெனியின் ஸ்டோரில் இருந்தவர் இவர். சாதி வேறு. அதைப் பூசி மெழுகிச் சொல்ல எனக்கு இஷ்டமில்லை. அத்தை அழுதுகொண்டே ஆரத்தி எடுத்து உள்ளே விட்டார். மாமனார் கூடத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். இரண்டு பேரும் சேர்ந்து குனிந்தோம். மகன் தொட்ட இடது கால் வைத்தபடி இருந்தது. என் கை போன வலது கால் நாற்காலிக்கு அடியில் போய்விட்டது. என் விரல்கள் வெறும் சிமெண்டுத் தரையில் நின்றன. கண்ணில் ஒற்றிக்கொள்ள ஒன்றுமில்லாமல் கையை எடுத்துக்கொண்டேன். அவமானமாக இருந்தது, அதைவிட அதிகமாகக் கோபம் வந்தது.

மாமனாருக்கு மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, மண்டியில் எடை பார்க்கிற வேலை. வேலை முடிந்தால் கிட்டார். திண்டிவனத்தில் ஒரு இன்னிசைக் குழு இருந்தது. அதை நடத்துகிறவரை எல்லாரும் லீடர் என்றுதான் கூப்பிடுவார்கள். மாமனார் அந்தக் குழுவில் ஸ்டீல் கிட்டார் வாசித்தார். தோளில் மாட்டிக்கொண்டு வாசிக்கிற கிட்டார் இல்லை இது. நாலு கால் மேசைபோல் நிற்கும், கம்பிகள் வானத்தைப் பார்த்துப் படுத்திருக்கும். இடது கையில் ஒரு இரும்புத் துண்டைப் பிடித்துக் கம்பிகள்மேல் வழுக்குவார், வலது கை மீட்டும். அடியில் இடது காலுக்கென்று சில பெடல்கள். ஒன்றை அழுத்தினால் கம்பியின் சுருதி ஏறும், விட்டால் இறங்கும். வலது காலுக்கு வேலை ஒன்றுதான், இந்த வால்யூம் பெடல். புதுச்சேரியில் தங்கியிருந்த வெளிநாட்டுக்காரர் ஒருவர் ஊர் திரும்பும்போது விற்றுவிட்டுப் போன செட்டு என்று சொல்வார்கள். திருவிழாவில் முதன்முதலாகப் பார்க்கிற ஆட்கள், “யோவ், மேடையில ஒருத்தரு இஸ்திரி போட்டுக்கினு இருக்காருய்யா” என்பார்கள். அது அவர் காதில் விழும். முகம் மாறாது. வலது கால் மட்டும் ஒருமுறை துடிக்கும்.

வீட்டில் அவர் என்னோடு பேசமாட்டார். எனக்குச் சொல்ல வேண்டியதை அத்தையிடம் சொல்வார். அத்தை இல்லாவிட்டால் சுவரில் தொங்கும் காலண்டரிடம் சொல்வார். “மோரு இருந்தா நல்லா இருக்கும்” என்று காலண்டரைப் பார்த்துச் சொன்னால் நான் மோர் கொண்டுபோய் வைப்பேன். நானும் சளைத்தவள் இல்லை. “உப்பு போட்டாச்சி” என்று கடிகாரத்திடம் சொல்லிவிட்டு வருவேன். அவர் முகத்தை நிமிர்ந்து பார்க்க எனக்கு மனமில்லை. அதனால் காலைப் பார்த்தே பழகிவிட்டேன். சாப்பிடும்போதும், பேப்பர் படிக்கும்போதும், மண்டிக்குப் போக மகனின் வண்டிக்காகக் காத்திருக்கும்போதும் அந்த வலது கால் ஓயாது. குதிகாலைத் தரையில் ஊன்றிக்கொண்டு, விரல்கள் லேசாக இறங்கும், ஏறும். அவருக்குக் குழம்பு பிடித்ததா இல்லையா என்பதைக்கூட அதை வைத்தே சொல்லிவிடுவேன். எனக்கும் ஒரு இடத்தில் நிலையாக உட்காரத் தெரியாது. அந்த ஒரு விஷயத்தில் அந்த வீட்டில் எனக்கு ஜோடி அவர்தான். இதை நினைத்தாலே எனக்கு எரிச்சல் வரும்.

ஆடி பிறக்கக் கொஞ்ச நாள் இருந்தபோது பெடல் கரகரக்கத் தொடங்கியது. ஆடி மாதம் எங்கள் பக்கத்தில் அம்மன் கோயில் திருவிழாக்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். இன்னிசைக் குழுவுக்கு அந்த மாதத்தில்தான் வருஷத்துக்கான பெயர் கிடைக்கும், அல்லது கெடும். திண்டிவனத்தில் ஒத்திகை. இரும்புத் துண்டு வழுக்கிப் போய் ஒரு ஸ்வரத்தில் நிற்கிறது, அவர் காலை மெல்ல அழுத்துகிறார், ஸ்பீக்கரிலிருந்து கர்ரென்று ஒரு சத்தம். எல்லாரும் வாசிப்பதை நிறுத்திவிட்டார்களாம். கூடப் போயிருந்த என் வீட்டுக்காரர் வந்து சொன்னார். லீடர் மரியாதையாகத்தான் பேசியிருக்கிறார். “அண்ணே, மல்லாட்ட வறுக்கற மாதிரி வருது. கண்டாச்சிபுரம் கச்சேரிக்குள்ள சரி பண்ணிடுங்க. இல்லன்னா இந்த வருசம் கீபோர்டுலயே அந்த சத்தத்த எடுத்துக்கறோம், நீங்க கொஞ்சம் ரெஸ்ட் எடுங்க.” ரெஸ்ட் எடுங்க என்றால் என்ன அர்த்தம் என்று அவருக்குத் தெரியும். கீபோர்டில் ஒரு பொத்தானை அழுத்தினால் ஸ்டீல் கிட்டார் மாதிரி ஒன்று வந்துவிடும். கேட்கிற கூட்டத்தில் பாதிப் பேருக்கு வித்தியாசம் தெரியாது. ஒருமுறை அந்த நாற்காலியை மேடையிலிருந்து எடுத்துவிட்டால் மறுபடி போடமாட்டார்கள்.

கரகரப்புக்குக் காரணம் அந்தச் சின்ன கண்ட்ரோல்தான். பெடலை அழுத்தினால் உள்ளே ஒரு நூல் இழுபட்டு, கண்ட்ரோலின் தண்டைத் திருப்பும்; சத்தம் ஏறும். தண்டோடு சேர்ந்து ஒரு சின்ன உலோக நாக்கு உள்ளே கரிப்பட்டைமேல் தேய்ந்துகொண்டே போகும். பட்டை தேய்ந்துபோனால் கரகரப்புதான். வேறு மாற்றிவிட்டால் முடிந்தது என்று அவரும் நினைத்தார். விழுப்புரத்தில் ஒரு ரேடியோ கடையில் புதிதாக ஒன்றைப் போட்டுக்கொண்டு வந்தார். காலை லேசாக வைத்ததுமே முழுச் சத்தமும் வந்துவிட்டது, அதற்குமேல் எவ்வளவு அழுத்தினாலும் ஒன்றுமில்லை. இந்த கண்ட்ரோல்களில் இரண்டு ஜாதி உண்டு. ஒன்றில் மின்சாரம் சீராக ஏறும், ஆனால் நம் காதுக்கு எல்லாம் ஆரம்பத்திலேயே வந்துவிட்டதுபோல் கேட்கும். இன்னொன்று காதுக்கு ஏற்றபடி மெல்லத் தொடங்கிப் பிறகு வேகமாக ஏறும். கடைக்காரர் முதல் ஜாதியைப் போட்டுவிட்டார். வேறொரு கடையில் இரண்டாவது ஜாதியே கிடைத்தது. ஆனால் தண்டு ரொம்ப விறைப்பு. நூல் அதைத் திருப்ப முடியாமல் வழுக்கியது. மாமனார் அதைப் பிடுங்கி வீசினார். அது உருண்டு பீரோவுக்கு அடியில் போனது. “பேஜாரு புடிச்ச வேல” என்று காலண்டரிடம் சொல்லிவிட்டுக் குளிக்கப் போனார். நான் விளக்குமாற்றால் அந்த கண்ட்ரோலை வெளியே இழுத்து, என் ஊசி நூல் வைத்திருக்கும் பிஸ்கட் டப்பாவில் போட்டேன். பழுதில்லாத சாமானைக் குப்பையில் போட எனக்கு மனசு வராது.

அந்தப் பெடல் வயிறு திறந்து கிடந்ததைப் பார்த்தபோது என் கை அரித்தது என்றுதான் சொல்ல வேண்டும். கல்யாணத்துக்கு முன்னால் கம்பெனியில் வருஷக்கணக்காக இதே கண்ட்ரோலுக்குத்தான் ஈயம் வைத்திருக்கிறேன். மறுநாள் அவர் மண்டிக்குப் போயிருந்த நேரத்தில், என் வீட்டுக்காரரிடம் சொல்லி வரவழைத்த புதுசு ஒன்றைப் போட்டேன். சரியான ஜாதி, தண்டும் இதமாகத் திரும்பியது. பழைய நூல் பிரிபிரியாகி இருந்ததால், அதற்குப் பதிலாக அப்பா கொடுத்தனுப்பியிருந்த வலை பின்னும் நைலான் நூலைச் சுற்றி, வலைக்குப் போடுகிற முடிச்சையே போட்டேன். எங்கள் குப்பத்தில் அந்த முடிச்சு அவிழ்ந்து யாரும் பார்த்ததில்லை. பிறகு கம்பெனியில் எப்படிச் சோதிப்போமோ அப்படிச் சோதித்தேன். முழுசாக மூடினால் சத்தம் நிற்கிறதா, நிற்கிறது. முழுசாகத் திறந்தால் முழுச் சத்தம் வருகிறதா, வருகிறது. போகிற வழியில் கரகரப்பு உண்டா, இல்லை. கம்பெனியாக இருந்தால் ஓகே என்று முத்திரை குத்தி அடுத்த ஆளுக்குத் தள்ளிவிட்டிருப்பேன். பெடலை மூடி, இருந்த இடத்தில் இருந்தமாதிரி வைத்துவிட்டு, எனக்கும் அதற்கும் சம்பந்தமில்லாத மாதிரி கேப்பை மாவு சலிக்க உட்கார்ந்தேன்.

சாயங்காலம் அவர் வாசித்தார். கொஞ்ச நேரம்தான். நிறுத்திவிட்டு பெடலைத் தூக்கிப் பார்த்தார், நூலைப் பார்த்தார். அந்த முடிச்சைப் பார்த்ததும் யார் வேலை என்று அவருக்குத் தெரியாமல் இருக்காது. திட்டுவார் என்று காத்திருந்தேன். “கரகரப்பு போயிடுச்சி” என்றார் காலண்டரிடம். கொஞ்சம் கழித்து, “பாட்டும் சேந்து போயிடுச்சி.” எனக்கு ஆத்திரமாக வந்தது. இந்த மனுஷனுக்கு என் கை பட்டதுதான் பிடிக்கவில்லை, அதற்கு ஒரு சாக்கு என்று நினைத்தேன். அத்தையிடம் சண்டைக்கே போய்விட்டேன். அத்தை பாவம், “எனக்கு அந்த எழவு கிட்டாரப் பத்தி என்னா தெரியும்டி” என்று வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

ஆனால் அவர் சொன்னது என்னை விடவில்லை. அடுத்த நாள் அவர் வாசிக்கும்போது பாத்திரம் தேய்க்கிற சாக்கில் தண்ணீரை நிறுத்திவிட்டுக் கேட்டேன். அவர் சொன்னது சரிதான். ஒரு ஸ்வரம் மெல்லப் பெருகிக்கொண்டே வருகிறது, நடுவில் ஒரு இடத்தில் படி தடுக்கியதுபோல் சட்டென்று குதிக்கிறது. மறுபடி அதே இடம், மறுபடி குதிக்கிறது. அப்போதுதான் கம்பெனியில் சூப்பர்வைசர் எப்போதோ போகிறபோக்கில் சொன்னது நினைவுக்கு வந்தது. இந்த ஜாதி கண்ட்ரோலில் உள்ளே இருப்பது ஒரே பட்டை இல்லை. மெல்ல ஏறுவதற்கு ஒரு பட்டை, வேகமாக ஏறுவதற்கு ஒரு பட்டை, இரண்டையும் கிட்டத்தட்ட நடுவில் ஒட்டியிருப்பார்கள். ரேடியோவில் குமிழைத் திருகி வேண்டிய இடத்தில் விட்டுவிடுகிறோம். அந்த ஒட்டு இருப்பதே யாருக்கும் தெரியாது. நாங்களும் இந்தக் கடைசியையும் அந்தக் கடைசியையும் பார்த்துவிட்டு முத்திரை குத்துவோம். மாமனாரின் கால் அந்த இரண்டு கடைசிக்கும் போவதே இல்லை. கம்பியை மீட்டியதும் அதன் சத்தம் தேயத் தொடங்கிவிடும்; தேயத் தேயக் காலை மயிரிழை மயிரிழையாக இறக்கினால்தான் ஸ்வரம் அறுந்துபோகாமல் நிற்கும். அதனால் எப்போதும் பாதியில் தொடங்குவார், இறக்குவதற்குக் கொஞ்சம் மிச்சம் வைத்துக்கொள்வார். அந்தக் கால் குடியிருந்த இடமே ஒட்டு இருந்த இடம்தான்.

அப்படியானால் நூலைத் தண்டில் கொஞ்சம் முன்னே பின்னே தள்ளிச் சுற்றி, ஒட்டு அவர் கால் நடமாடும் இடத்துக்கு வெளியே விழும்படி செய்ய வேண்டும். அதற்கு அந்தக் கால் எங்கிருந்து எங்கே வரை போகிறது என்று தெரிய வேண்டும். கண்ணால் பார்த்தால் தெரியாது. அவ்வளவு சின்ன அசைவு. கையால்தான் தொட்டுப் பார்க்க வேண்டும். இதை யோசித்துவிட்டு நான் வீட்டுக்குள் அலைந்த அலைச்சல் எனக்குத்தான் தெரியும். கண்டாச்சிபுரம் கச்சேரி நெருங்கிக்கொண்டிருந்தது. போய்க் கேட்கலாம் என்று கூடம்வரை வருவேன், கொடியில் துணி காய்ந்துவிட்டதா என்று பார்க்கிறமாதிரி தோட்டத்துக்குப் போய்விடுவேன். கல்யாணத்தன்று கூடத்தில் நடந்ததை அந்த வீட்டில் யாரும் பேசியதில்லை. யாரும் மறந்ததும் இல்லை. இன்னொருமுறை அந்தக் கால் நாற்காலிக்கு அடியில் போனால் நான் அந்த வீட்டில் எப்படி இருப்பேன் என்று பயமாக இருந்தது.

கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் வாசித்துக்கொண்டிருக்கும்போதே போய்க் கிட்டாருக்கு அடியில் தரையில் உட்கார்ந்துவிட்டேன். “மாமா, உங்க காலு எங்க நிக்குதுன்னு தெரிஞ்சாத்தான் இத சரி பண்ண முடியும். தொட்டுப் பாக்கணும்” என்றேன். காலண்டரிடம் இல்லை, கடிகாரத்திடம் இல்லை, அவரிடம். வாசிப்பு நின்றது. அத்தை அடுப்படி நிலைப்படியில் கரண்டியோடு நின்றார். என் முகத்துக்கு நேராக அந்த வலது கால் பெடலின்மேல் இருந்தது. அது அசையாமல் இருந்து நான் பார்த்தது அன்றுதான். “புடி” என்றார். என்னிடம் நேராகச் சொன்ன முதல் வார்த்தை அது. பிறகு மீட்டத் தொடங்கினார். நான் ஒரு கையைக் குதிகாலின் பக்கத்திலும் இன்னொரு கையை விரல்களுக்கு அடியிலும் வைத்தேன். காய்த்துப்போன, சூடான கால். ஒரு ஸ்வரம் தேயும்போது அது எவ்வளவு பொறுமையாக இறங்குகிறது என்பது என் விரல்களுக்குத் தெரிந்தது. அத்தனை நாள் துடித்துக்கொண்டே இருந்த அந்தக் காலுக்குள் இப்படி ஒரு நிதானம் இருக்கும் என்று நான் நினைத்ததில்லை. எனக்கு அழுகை வந்தது. தலையைக் குனிந்துகொண்டு, சாக்குக்கட்டியால் பெடலின் ஓரத்தில் இரண்டு கோடு போட்டேன். மேல் கோட்டுக்கும் கீழ்க் கோட்டுக்கும் நடுவில் ஒரு விரல் அகலம்தான் இருந்தது.

கம்பெனியில் இன்னும் வேலை செய்துகொண்டிருந்த தோழியிடம் சொல்லிக் கொஞ்சம் கண்ட்ரோல்கள் வரவழைத்தேன். ஊசி வைத்த பழைய மீட்டரில் ஒவ்வொன்றையும் மாட்டி, தண்டை மெல்லத் திருகினால் ஊசி ஏறும். ஒட்டு வருகிற இடத்தில் வெடுக்கென்று தலையை ஆட்டும். மேலே அச்சடித்திருந்த நம்பர் எல்லாவற்றிலும் ஒன்றுதான், ஆனால் ஒன்றில் ஆட்டம் அதிகம், ஒன்றில் குறைவு, ஒன்றில் தண்டு சொரசொரப்பு. மாமனார் எதிரில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். ஊசி துள்ளும்போதெல்லாம் அவர் காலும் துள்ளியது. “இது வேணாம்” என்பார். “நானே வேணான்னுதான் வெக்கிறேன்” என்பேன். கடைசியில் ஊசி அலுங்காமல் ஏறிய ஒன்றை எடுத்து, நூலைக் கொஞ்சம் தள்ளிச் சுற்றிப் போட்டோம். கண்டாச்சிபுரத்துக்கு நானும் போனேன். கூட்டத்தில் நின்றுகொண்டு பாட்டைக் கேட்கவில்லை, கரகரப்பையும் குதிப்பையும்தான் காதால் தேடிக்கொண்டிருந்தேன். ஒரு பாட்டின் நடுவில் மற்ற வாத்தியங்களெல்லாம் நின்று, அவருடைய ஒரே ஸ்வரம் மட்டும் மைதானத்தின்மேல் நின்றது. அது அறுகிற மாதிரி போய் அறாமல் நீண்டது. பஜ்ஜிக் கடைக்காரர்கூடத் திரும்பிப் பார்த்தார். மேடைக்குப் பின்னால் லீடர் வந்து, “அண்ணே, பெடல என்னா பண்ணீங்க, ஜோரா இருக்குது” என்றார். “வூட்ல பண்ணாங்க” என்றார் மாமனார். வீட்டிலென்றால் யார், பூனையா என்று கேட்க நாக்கு நுனிவரை வந்தது. ஆனாலும் வண்டியில் திரும்பும்போது என் முகத்தில் இருந்த சிரிப்பை அடக்க முடியவில்லை.

அதற்குப் பிறகும் அவர் பெரிதாக மாறிவிடவில்லை. மருமகள் என்று வாயால் சொல்லி நான் கேட்டதில்லை. என் அப்பா வந்தால் எழுந்து நிற்பார், ஆனால் உட்காரச் சொல்லமாட்டார், அப்பாவாகவே உட்கார்ந்துகொள்வார். கோபத்தையும் அவர் முழுசாக மூடவில்லை, பிரியத்தையும் முழுசாகத் திறக்கவில்லை. எனக்குச் சில நாள் அது போதும் போலிருக்கும், சில நாள் பாத்திரத்தை ஓசைப்படுத்திக் கழுவுவேன். ஆனால் காலண்டரோடு பேசுவதை விட்டுவிட்டார். கண்ட்ரோல் தேயும்போதெல்லாம் “ஏம்மா, ஊசி மீட்டர எடு” என்பார். நான் எடுத்துக்கொண்டு போவேன்.

சர்க்கரை அவருக்கு ரொம்ப நாளாகவே உண்டு. டீயில் சர்க்கரை குறைத்தால் கால் கோபித்துக்கொள்ளும். போன வருஷம் அதே வலது காலின் பெருவிரலில் ஒரு புண் வந்தது. ஆறும் ஆறும் என்று பார்த்தோம், ஆறவில்லை. புதுச்சேரியில் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். உயிரைக் காப்பாற்ற வேண்டுமென்றால் முழங்காலுக்குக் கீழே எடுத்தாக வேண்டும் என்றார்கள். எடுத்தார்கள். வீட்டுக்கு வந்ததிலிருந்து வேட்டியை இழுத்து இழுத்து மூடிக்கொள்கிறார். நான் காபி கொண்டுபோனால், மிச்சமிருக்கிற இடது காலையும் கட்டிலுக்கு அடியில் இழுத்துக்கொள்கிறார். இந்த முறை கோபத்தில் இல்லை, வெட்கத்தில். எனக்கு அன்று வலித்ததைவிட இது அதிகமாக வலிக்கிறது. லீடர் போன் செய்து, “கை ரெண்டும் நல்லாத்தான அண்ணே இருக்குது, ஆடிக்கு வாங்க” என்று கூப்பிட்டார். போனை வைத்துவிட்டு, “அந்தப் பெடல எவனுக்குனா தூக்கிக் குடுத்துடு” என்றார் என் வீட்டுக்காரரிடம். நான்தான் கொடுக்க விடவில்லை. சுருதி மாற்றுகிற பெடல்களை விட்டுவிட்டு, வால்யூம் பெடலை இடது காலுக்கு வைத்துக் கொடுத்தால் வாசிக்கலாம் என்று அத்தையும் நானும் பிடிவாதம் பிடித்து, போன வாரம் ஸ்டூலில் உட்காரவைத்தோம். இடது காலைப் பெடலில் வைத்ததும் அது தடாலென்று கீழே போனது. சத்தம் அலறியது. எடுத்தால் ஒரேயடியாகச் செத்தது. இத்தனை வருஷம் சுருதிப் பெடலை ஒரே அழுத்தாக அழுத்தி, ஒரேயடியாக விட்டுப் பழகிய கால் அது. “இந்தக் காலுக்கு நடுவுல நிக்கத் தெர்லம்மா” என்றார். காலை இழுத்துக்கொண்டார். அன்றிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. புதுசு புதுசாக கண்ட்ரோல் வாங்கி வந்து, இதமாகத் திரும்புவதிலேயே இதமானதைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.

இதுவரை எழுதியதெல்லாம் காலையில் எழுதியது. இப்போது சாயங்காலம். எழுதிக்கொண்டு வரும்போதே, விறைப்பான ஒன்றை அவர் பீரோவுக்கு அடியில் வீசியதை எழுதினேன் அல்லவா, அங்கேயே பேனா நின்றிருக்க வேண்டும். என் புத்தி, கடைசி வரிக்கு வந்த பிறகுதான் நின்றது. எழுந்து ஓடிப்போய்ப் பிஸ்கட் டப்பாவைக் கவிழ்த்தேன். பட்டன்களுக்கும் ஊக்குகளுக்கும் நடுவில் அது கிடந்தது. தண்டைத் திருகினேன், விரல் வலிக்கிற விறைப்பு. மீட்டரில் போட்டேன், ஊசி நிதானமாக ஏறியது. தடதடவென்று போகிற காலுக்கு இதமான கண்ட்ரோல் எதற்கு, எதிர்த்து நிற்கிற கண்ட்ரோல்தான் வேண்டும். நூல் வழுக்கும், அதற்கு வலை நூலைத் தண்டில் இன்னும் ஒரு சுற்று கூடச் சுற்றினால் பிடித்துக்கொள்ளும்.

ஈயம் வைத்து, பெடலைக் கொண்டுபோய் ஸ்டூலுக்கு முன்னால் வைத்தேன். “வேணாம்மா, உடு” என்றார். “நீங்க வாசிக்க வேணாம். கால மட்டும் வெய்ங்க, எனக்கு அளவு பாக்கணும்” என்றேன். என் வீட்டுக்காரர் அவரைத் தாங்கிக் கொண்டுவந்து உட்காரவைத்துவிட்டு ஒதுங்கினார். நான் குனிந்து தரையில் தலை வைக்காத குறையாகப் பெடலுக்கு அடியில் நூலைப் பிடித்துக்கொண்டிருந்தேன். வேட்டிக்குள்ளிருந்து இடது கால் வெளியே வரக் கொஞ்ச நேரம் ஆனது. வந்தது. பெடலைத் தேடி இறங்கியபோது, ஊன்ற வலது கால் இல்லாமல் அவர் உடம்பு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. சட்டென்று அவர் கை என் தலையைப் பிடித்தது.

“ஸ்டூலு ஆடுது” என்றார்.

ஸ்டூல் ஆடவில்லை. கால் பெடலின்மேல் அமர்ந்து, விறைப்பை எதிர்த்து மெல்ல மெல்ல இறங்கி, பாதி வழியில் நின்றது. கிட்டாரை அவர் ஒற்றைக் கையால் மீட்டினார். இன்னொரு கை என் தலைமேலேயே இருந்தது. அதை எடுத்துவிடப் போகிறாரே என்று நான் அசையாமல் இருந்தேன். பிறகு நூலை இன்னும் ஒரு சுற்று சுற்றி முடிச்சுப் போட்டேன்.